மறுகா நல்லரத்தினம்

நல்லரத்தினத்திடம் ஒலிப்பதிவுக்குப் போய், சொன்ன நாளில் வேலையை வாங்கி வந்தவர் கல்லடியில் ஒருவருமில்லை. கோயில் திருவிழா அறிவித்தலோ, கடைத் திறப்பு விளம்பரமோ, எதைக் கேட்டாலும் "மறுகா தாறன்" என்பான். மட்டக்களப்பாருக்கு மறுகா என்றால் பிறகு. நல்லரத்தினத்தின் மறுகா மட்டும் எந்தக் காலத்தில் வரும் என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் ஊர் அந்தச் சொல்லையே அவனுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டது. அவன் வீட்டு வாசற் படலையடியில் ஓட்டோ நிறுத்துகிற வல்லிபுரம், இடம் விசாரித்து வருகிறவர்களிடம், "மறுகாட வீடுதானே? இதுதான்" என்று கையைக் காட்டுவான்.

எல்லாவற்றிலும் சோம்பல் என்றாலும் அந்த ஒலிப்பெட்டியில் மட்டும் அவன் சோம்பியதில்லை. கட்டாரிலிருந்து திரும்பிய காத்தான்குடி அஹமட் கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. கணினியோடு பூட்டியிருந்தான். மைக்கோ கெசற் பிளேயரோ, எதைக் கொழுவினாலும் அதற்கென்று திரையில் ஒரு கோடு எழும். குரல் அளவாக வந்தால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. சிவந்தால் குரல் கிழிந்துபோகும். பக்கத்தில் இருக்கிற குமிழை மவுஸால் இழுத்து இழுத்துப் பச்சையில் நிறுத்துவதுதான் அவன் தொழில்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு பகற்பொழுது ஜீப்பில் இருவர் வந்தார்கள். எந்தப் பக்கத்தார் என்று யாரும் கேட்கிற காலமல்ல. ஒருவன் பெரியவன், இடுப்பில் துவக்கு, தமிழ் தெரியாது. மற்றவன் கண்ணாடி போட்ட மொழிபெயர்ப்பாளன், கொழும்புத் தமிழ். மேசையில் ஒரு கெசற்றை வைத்தான்.

"டெலிபோன்ல பேசினது. ஒரே இரைச்சல். பேசுறது யாருன்னு தெரியணும். தெளிவாக்கிக் குடு."

நல்லரத்தினத்தால் மறுகா என்று சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உடனே வேலையைத் தொடங்கினான்.

கெசற் ஓடியது. இரைச்சலுக்குள் ஒரு கரகரத்த குரல். முதல் சொல்லிலேயே அவனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மனைவி புஸ்பத்தின் தம்பி, வவுணதீவுக் கனகசிங்கம்! மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் இடம் என்று, அங்கே பெட்டரி கொண்டுபோகத் தடை போட்டிருந்தார்கள். ரேடியோவுக்கும் ரோச்சுக்கும் ஆசைப்பட்டுத் தோணியில் கடத்துகிறவர்களில் இவனும் ஒருவன். பிடிபட்டால் ஆள் திரும்பி வரமாட்டான்.

தேத்தண்ணியோடு வந்த புஸ்பமும் அந்தக் குரலைக் கேட்டாள். கோப்பைகளை வைத்துவிட்டு, யாருடைய முகத்தையும் பாராமல் குசினிக்குள் போய்விட்டாள்.

நல்லரத்தினம் குமிழை மெல்ல மேலே தள்ளினான். கோடு சிவந்தது, குரல் கிழிந்தது. "கெசற் பழுது ஐயா" என்றான். பெரியவன் ஏதோ உறுமினான்.

"பழுதுன்னா மைக்கையும் போட்டுக் காட்டு. மிஷின் சரியா இருக்கான்னு பார்க்கணும்" என்றான் கண்ணாடிக்காரன்.

ஜன்னலோரத்து மைக்கின் கோட்டையும் திறந்து, அளவை முழுக்கக் கூட்டினான். பெரியவன் இருமியது அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. இனிப் பொய் சொல்ல வழியில்லை. கெசற்றின் அளவைக் குறைத்துப் பச்சைக்கு இறக்கினான். தொழில் தெரிந்த தன் கையை அன்றைக்குத்தான் வெறுத்தான். கெசற்றில் கனகசிங்கத்தின் குரல் தெளிவாக வந்தது.

"பெட்டரியக் கரையில வை. மறுகா வந்து எடுப்பான்."

கண்ணாடிக்காரன் துள்ளி எழும்பினான். "பேர் சொல்றான்! மறுகா. மறுகா வந்து எடுப்பான். யாரு இந்த மறுகா?"

நல்லரத்தினத்துக்கு மூச்சு வந்தது. கடவுளே, இவனுக்கு அந்தச் சொல் தெரியாது! இல்லாத ஒருவனைத் தேடி அலையட்டும், கனகசிங்கம் தப்பினான்.

"தெரியா ஐயா. அப்பிடி ஒரு ஆளைக் கேள்விப்பட்டதில்ல."

கண்ணாடிக்காரன் பெரியவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். பேசினவனை விட எடுக்க வருகிறவன்தான் பெரிய ஆளாம். இருவரும் கெசற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

நல்லரத்தினம் நெற்றியைத் துடைத்தான். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, பழக்கத்தில் ஹெட்போனை மாட்டினான். மைக்கின் கோடு இன்னும் திறந்தே கிடந்தது. வாசலில் செருப்புகள் தேயும் சத்தமும் படலை கிறீச்சிடுவதும் காதுக்குள்ளேயே கேட்டன. அப்புறம் கண்ணாடிக்காரனின் குரல்.

"தம்பி, இந்தப் பக்கம் மறுகான்னு யாராவது இருக்காங்களா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊரெல்லாம் கூப்பிடுகிற பெயர் சொந்தக்காரனுக்கு மறந்துபோயிருந்தது. எழும்பி ஓடலாமென்றால் பின்னால் வாவி, முன்னால் ஜீப். அது பெயரல்ல என்று கத்தலாம். கத்தினால் இதுவரை ஏன் மறைத்தாய் என்பார்கள், பேசினவன் யார் என்பார்கள். குசினிக்குள் புஸ்பம் விசும்புவது கேட்டது. அவன் கதிரையிலேயே இருந்துவிட்டான்.

ஹெட்போனுக்குள் வல்லிபுரம் வாய்விட்டுச் சிரித்தான். திரையில் கோடு சிவப்புக்கு எகிறியது.

"மறுகாவா? இப்ப அங்க இருந்துதானே வாறீங்க! உள்ளுக்க இருக்காரே, அவர்தான்."

நல்லரத்தினம் குமிழைப் பிடித்து அடிவரைக்கும் இறக்கினான். கோடு அடங்கியது. ஹெட்போனைக் கழற்றினான். செருப்புச் சத்தம் இப்போது வெறும் காதுக்கே கேட்டது.