இடப்பக்கம் ஒரு விரற்கடை

அந்தப் பள்ளத்தை எந்தக் கலைஞனும் செதுக்கவில்லை. நான் இடித்தது. அதுவும், உப்பளச் சாலையோரம் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் மேல்!

சொல்லிவிட்டேன். இருபத்தேழு வருஷங்களாகத் தொண்டையில் நின்ற முள். இறங்கிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை... அங்கேயேதான் இருக்கிறது.

நீங்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கலாம். படிக்காவிட்டால் பாக்கியசாலி. 'மயில்மீன்' என்ற பழைய காரைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியது. அதன் மூக்கில், இடப்பக்கம், ஒரு விரற்கடை தாழ்ந்து கிடக்கும் அந்த வளைவை நான் வர்ணித்திருந்த விதம் இருக்கிறதே! 'இரைமேல் பாயுமுன் மீன் ஒரு கணம் தலை சாய்க்கும். அந்தக் கணத்தை உலோகம் அறியாது, நார்க்கண்ணாடி அறியும்.' இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது. அன்று கைதட்டினார்கள்.

மயில்மீனை அறியாதவர்களுக்காக: நாற்பது வருஷங்களுக்கு முன் வடக்கே ஒரு சிறிய கம்பெனி செய்து, சீக்கிரமே கைகழுவிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு முழுக்க பைபர், அதாவது அந்த நார்க்கண்ணாடி. நீண்ட மூக்கு, பின்னால் துடுப்பு. முடிதிருத்தும் கடைச் சுவர்களிலெல்லாம் அதன் படம் இருந்தது. படத்தில் அது மிக நன்றாக ஓடும்.

சாலையில் அப்படியில்லை. மழை பெய்தால் உள்ளே குடை வேண்டும். ஏற்றம் வந்தால் எஞ்சின் கொதிக்கும். கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். கண்ணாடி இறங்காது.

ஆனாலும் அழகு! அழகுக்கு முன்னால் நாம் எத்தனை முட்டாள்தனங்களை மன்னிக்கிறோம்...

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு விடுவிப்புக் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். வாங்கிய முதல் வாரமே, எதிரே வந்து தாண்டிப்போன கல்லூரிப் பேருந்து என்னைப் பார்க்கிறதா என்று நான் கண்ணாடியில் பார்த்தேன். பேருந்து பார்த்தது. முன்னால் நின்ற உப்பு லாரியை நான் பார்க்கவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து, தன் வண்டிக்குக் கீறல்கூட இல்லை என்று கண்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஏறிப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊருக்குள் சரிசெய்தால் கேலி மிஞ்சும். கயத்தாறு வரை கட்டி இழுத்துப் போய், ஒரு பட்டறையில் ஒட்டவைத்துச் சாயமடித்துக் கொண்டுவந்தேன். ஒட்டியவர் கெட்டிக்காரர். ஒட்டு தெரியவில்லை. மூக்கு மட்டும் இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

நண்பர் ஒருவர் கேட்டார், "இது என்ன, ஒருபக்கம் சாஞ்சிருக்கு?" என்று. "டிசைனே அப்படித்தான்" என்றேன். அவ்வளவுதான். பொய் எவ்வளவு சின்னதாகப் பிறக்கிறது! பிறகு அதற்குச் சோறூட்டி வளர்த்தது நான். கட்டுரை எழுதினேன். பழைய கார்ப் பிரியர்களின் சங்கம் ஒன்று சால்வை போர்த்தியது. கோயம்புத்தூரில் ஒருவர், தன் மயில்மீனின் மூக்கு நேராக இருக்கிறதே, அப்படியானால் அது போலிதானோ என்று எனக்குக் கடிதம் எழுதினார். 'பிந்தைய தயாரிப்பாக இருக்கலாம்' என்று பதில் போட்டேன். பாவம், அவர் பிறகு ஆள் வைத்துத் தட்டித் தாழ்த்திக்கொண்டதாகக் கேள்வி...

இதுவரை சொன்னது வெறும் வெட்கம். வெட்கத்தோடு ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம். நான் சொல்ல வந்தது வேறு.

ஏழு வருஷங்களுக்கு முன், காயல்பட்டினத்துக் காசிம் காக்கா (அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன்) வளைகுடாவில் உதிரிபாகக் கடை நடத்தியது போதும் என்று ஊர் திரும்பினார். சிறுவயதில் மயில்மீனைத் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒரே ஒருமுறை பார்த்து ஏங்கியவர். அந்தக் காரை மறுபடியும் செய்ய வேண்டும் என்றார். பழைய உடம்பு, புது உயிர்: பின்னால் மின்மோட்டார், தரையில் மின்கலம், துருவேறாத சட்டம். வருஷத்துக்குப் பத்து வண்டி போதும். உடம்பை யார் வார்ப்பது?

அந்தக் கேள்விக்குத் தூத்துக்குடியில் பதில் சுலபம். திரேஸ்புரத்தில் பைபர் வள்ளம் கட்டும் சந்தியாகு. அவர் கட்டிய வள்ளத்தில் போகிறவன் வீட்டில் பெண்டாட்டி நிம்மதியாகத் தூங்குவாள் என்று சொல்வார்கள். கடற்கரையில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய சான்றிதழ் அதற்கு மேல் இல்லை.

பைபர் வேலையின் சங்கதி இதுதான். பழைய உடம்பின் மேல் மெழுகு பூசி, அதன் மேல் ரெசின் பசையும் கண்ணாடி நார்ப்பாயும் மாறி மாறிப் போட்டு, இறுகியதும் கழற்றினால் அச்சு. அந்த அச்சுக்குள் வார்த்தால் புது உடம்பு. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படி. நேர் இருந்தால் நேர். கோணல் இருந்தால், வருஷத்துக்குப் பத்துக் கோணல்.

தாய் வண்டி என்னுடையது.

அச்சு எடுப்பதற்கு முன், சந்தியாகு வள்ளத்துக்குச் செய்வதுபோல் மூக்கிலிருந்து நடுவாக ஒரு நூல் பிடித்தார். குனிந்து பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இடப்பக்கம் ஒரு விரக்கடை தாந்துல்லா கெடக்கு. நூலு சொல்லுது. இத நிமித்திட்டு அச்சு எடுப்பம்."

"வே, கைய வச்சிராதீரும்! அதுதான் இந்த வண்டிக்கே உயிரு. கட்டுரையே எழுதிருக்கேன்."

"வள்ளம்னா ஒருபக்கமா இழுக்கும் அண்ணாச்சி."

"இது வள்ளமில்லவே. கலை."

அவர் நூலைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டார். "கலைன்னா சரிதான். நமக்கு அந்தப் படிப்பு இல்ல" என்றார். கேலி இல்லை. நம்பித்தான் சொன்னார்! தன் கண்ணைவிட, என் படிப்பை...

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? 'நான் இடிச்சதுதான்வே' என்று சிரித்திருந்தால்? அரை நாள் கேலி செய்திருப்பார்கள். அரை நாள்! அந்த அரை நாளுக்குப் பயந்தவனை நீங்கள் என்ன பெயரால் அழைப்பீர்கள்?

முதல் வண்டி வெளிவந்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், காசிம் காக்கா துஆ ஓதினார், நான் தேங்காய் உடைத்தேன். மேலே எல்லா இடத்திலும் சொல்லிவைத்தாயிற்று. மூக்கின் மேல்மூடியான பானட்டின் இடப்பக்கக் கொக்கிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தாழ்வான பக்கம் அது. கொக்கி முழுதாக விழவில்லை. சந்தியாகு இரண்டு முறை சொன்னார். "அமுக்கிச் சாத்தும்வே" என்றேன்.

பழைய காரில் அது ஒருபோதும் தொல்லை தரவில்லை. காரணம் எளிது. பழைய கார் அந்த வேகத்தை எட்டுவதற்கு முன்பே கொதித்து நின்றுவிடும். புது மோட்டாருக்கு அந்தக் கருணை இல்லை.

ஒரு காலை, பழையகாயல் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே நேராகக் கிடக்கும் சாலையில், காசிம் காக்கா மிதித்தார். காற்று பானட்டுக்கு அடியில் புகுந்தது. ஒற்றைக் கொக்கி எவ்வளவு தாங்கும்! பானட் எழுந்து கண்ணாடியில் அறைந்து, கீல் பக்கமாகப் பிளந்தது. கார் உப்புப் பாத்திக்குள் இறங்கியது. அவருடைய வலது மணிக்கட்டு மூன்றாக ஒடிந்தது. இன்றும் அந்தக் கையால் அவர் முழுதாக முஷ்டி மடக்குவதில்லை.

உப்புத் தண்ணீரில் மயில்மீன் வாய் பிளந்து கிடக்கும் படம் மதியத்துக்குள் எல்லோர் கைப்பேசியிலும் வந்துவிட்டது. அதில் தெரிந்தது ஒன்றுதான்: பிளந்த பைபர்.

மாவுக்கட்டோடு காக்கா வீட்டில் படுத்திருந்தார். நானும் சந்தியாகும் போனோம். சந்தியாகு உள்ளே வராமல் கதவோரம் நின்றார்.

"சொல்லுங்க தம்பி," என்றார் காக்கா என்னிடம். "நீங்க படிச்ச ஆளு. தப்பு எங்க? மோட்டாரா, டிசைனா, வேலையா?"

இதோ, இந்த இடம். நான் ஒப்புக்கொள்ள வந்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். லாரியையும் கட்டுரையையும் முன்னால் வைத்து உங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தது, இதைத் தள்ளிப்போடத்தான்!

"கைவேலைதானே காக்கா... பைபர்ல எங்கனயாவது காத்துக்குமிழி நின்னுருக்கும்."

காற்றுக்குமிழி! எவ்வளவு விஷயம் தெரிந்த பொய். அந்த வார்த்தையையே நான் சந்தியாகுவிடம்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

கதவோரம் திரும்பிப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம் காக்கா," என்றார். "எங் கண்ணுல படாம நின்னுருக்கலாம்."

அவ்வளவுதான். அந்த வீட்டிலிருந்து அந்த வாக்கியம் எனக்கு முன்பே திரேஸ்புரம் போய்ச் சேர்ந்தது. தரையிலேயே பொளக்குத பைபர் கடல்ல என்னத்துக்கு ஆவும் என்று கேட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. உயிரை அல்லவா அதில் வைத்துக்கொண்டு போகிறார்கள்! கட்டச் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஏதோ காரணம் சொல்லி, வேறு பட்டறைக்குப் போனார்கள்.

கடற்கரையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரே பெயரில் பலர் இருப்பதால், ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் விழும். விழுந்தால் எழாது, பிள்ளைக்கும் போகும். சந்தியாகுவுக்கு அதுவரை 'மேஸ்திரி' என்று இருந்தது. அந்த மாதமே, உடைந்த பண்டத்தின் பெயருக்கு மாறியது.

ஒடசல் சந்தியாகு.

மயில்மீன் திட்டம் நின்றது. நவீன உற்பத்தியின் மொத்தக் கணக்கு: ஒன்று. நான் அதைப் பற்றியும் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். கட்டுரையில் என்னையே கிண்டல் செய்துகொண்டேன், தாராளமாக... உண்மையான இடத்தை மட்டும் தவிர்த்து. தன்னைத்தானே கேலி செய்துகொள்பவனை யாரும் சந்தேகிப்பதில்லை. அது ஒரு நல்ல ஒளிவிடம். நான் அங்கே ஆறு வருஷம் குடியிருந்தேன்.

இந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் யாரோ வழியை அடைத்து ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "ஒடசல் சந்தியாகு, ஒடசல் சந்தியாகு, வண்டிய எடுத்து ஓரமா விடுங்க." யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை! அது கேலியாக இருந்த காலம் போய், வெறும் பெயராகிவிட்டது. இரண்டு வரிசைக்கு முன்னால் அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியை எடுக்கப் போனார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். வள்ளம் ஒன்றும் இல்லை. குளியலறைக் கதவுகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மயில்மீனின் மூக்கு அச்சு ஒரு மூலையில் மல்லாந்து கிடக்க, அதற்குள் ஒரு நாய் படுத்திருந்தது. இடப்பக்கப் பள்ளம் அதற்குத் தலை வைக்கத் தோதாக இருந்தது. அந்த வளைவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயன் உண்டென்றால் அது இதுதான்.

சொன்னேன். லாரி, கயத்தாறு, கட்டுரை, காற்றுக்குமிழி... எல்லாம்.

சந்தியாகு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். அச்சை நோக்கிக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அப்பம் நூலு பொய் சொல்லல" என்றார்.

"இல்லவே."

"ஆறு வருஷமா நான் ஒரு வேலைக்கும் நூலு பிடிக்கதில்ல அண்ணாச்சி. கண்ணு போயிட்டுன்னு நெனச்சேன். மவன வச்சித்தான் பாக்கேன்."

நான் எதிர்பார்த்து வந்தது ஓர் அறை. அல்லது ஒரு மன்னிப்பு. இரண்டுக்கும் பதில் சொல்லத் தயாராக வந்திருந்தேன். இதற்கு நீட்ட என்னிடம் பேனாதான் இருந்தது. படித்தவன்!

"எழுதிடுதேன்வே," என்றேன். "எல்லாத்தையும் பத்திரிகையில எழுதிடுதேன். தப்பு என்னுதுன்னு ஊருக்கே தெரியட்டும்."

அவர் உப்புத்தாளை மறுபடி எடுத்தார்.

"எழுதுங்க. ஆனா வெறும் சந்தியாகுன்னு போட்டா யாருன்னு தெரியாது அண்ணாச்சி, திரேஸ்புரத்துல தெருவுக்கு ஒரு சந்தியாகு இருக்கான். ஒடசல் சந்தியாகுன்னே போட்டுருங்க."