தட்டாமல் போன படல்

மூங்கில் படலில் குச்சியால் இரண்டு தட்டு. "ஏய், நாளைக்கு நடவுடி, வெள்ளன வா." எழுபதுகளில் பாகூர்ப் பக்கம் எங்கள் தெருவில் வேலைக்குக் கூப்பிடும் முறை அதுதான். நடவுக்குப் பெண்களைச் சேர்க்கும் அக்கா, சாயங்காலம் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போவாள். தட்டாத வீட்டு ஆள் வேண்டாம் என்று அர்த்தம். அவளுடைய சொந்தத் தங்கச்சிகள் மட்டும் கூப்பிடாமலே வருவார்கள்.

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. வயலிலும் கை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நாற்று கோணிக்கொண்டு போகும். "உன் வரிசைல பாம்பு போவுது பாருடி" என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து, யார் எதற்காகச் சிரித்தார்கள் என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்காது.

ஒரு சாயங்காலம் குச்சிச் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டது, அப்புறம் எதிர் வீட்டில். என் படலருகே காலடி நிற்கவே இல்லை. நெஞ்சில் சூடு வைத்த மாதிரி இருந்தது. எவள் போட்டுக் கொடுத்தாள்? பாம்பு என்றது விளையாட்டுக்கில்லையோ? மூன்று நாள் முடங்கிக் கிடந்தேன். நான்காம் நாள் கிருமாம்பாக்கத்தில் வேறு ஆட்களோடு சேர்ந்துவிடக் கிளம்பினேன். வழியில் அக்கா கூட்டத்தின் நடவு. என் இடத்தில் யாரும் இல்லை. அந்தப் பங்கையும் சேர்த்து அக்காவே நட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, உடம்பு சரியில்லியா?"

"நீதான் கூப்பிடலியே."

"அடிப் போடி! வூட்டு ஆளை எவளாச்சும் படலைத் தட்டிக் கூப்பிடுவாளா? உன் பங்கை நட்டு என் இடுப்பு போச்சு."

சேலையைச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஆனாலும், சும்மா சமாளிப்புக்குச் சொன்னாளோ என்று அன்றைக்கே ஒரு சந்தேகம்.

போன மாதம் பேத்திக்கு ஏ.டி.எச்.டி., கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார் டாக்டர். இப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சின்ன ஒதுக்கலும் பெரிய அடியாக விழுமாம். மனசு சொல்வதை நம்புமுன் கேட்டுப் பார்க்கணுமாம். பேத்தியைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் வியர்த்தது.

இன்று அக்கா வீட்டில் வளைகாப்பு. தெருவுக்கே சொன்னார்கள், எங்கள் இரும்பு கேட்டை யாரும் தட்டவில்லை. மறந்தார்களா, ஒதுக்கினார்களா? காலையிலிருந்து அதே குடைச்சல். குடையட்டும். கேட்டை நானே திறந்துகொண்டு கிளம்பிவிட்டேன்.