அண்ணி எழுதிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்

என் அண்ணன் அருள்நாதனுக்கு நல்லம்பள்ளி பஸ் ஸ்டாப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பேச்சு ரொம்பக் குறைவு. "திடீர்னு ஆஃப் ஆயிடுதுங்க" என்று யாராவது மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால், பதில் சொல்லாமல் ஸ்குரு டிரைவரைத்தான் எடுப்பார். ஒரு பாகத்தைக் கழற்றி நல்லதைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். சரியாகாவிட்டால் அடுத்த பாகம். வந்தவர்கள் திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். நானும் திட்டியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே அவர்கள் டிவியைப் பிரித்துப் போட்ட ஆள் அவர். அந்த வீட்டுப் பெண்தான் ராஜமேரி, எங்கள் அண்ணி.

அண்ணிக்கு நரம்பு நோய் வந்தது. கால், கை, கடைசியில் பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போய், வலது ஆள்காட்டி விரலில் மட்டும் கொஞ்சம் அசைவு மிஞ்சியது. அந்த ஒரு விரலுக்காக அண்ணன் எங்கள் இண்டூர் வீட்டில், கட்டில் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை அமைத்தார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது விரலால் தொட்டால் போதும். எழுதி முடித்ததும் கம்ப்யூட்டர் அதை உரக்கப் படிக்கும். அதுவரை எழுதியது எங்கேயும் சேமிக்கப்படாது. உயிரில்லாத அந்த மெஷின் குரலில் அண்ணி முதன்முதலில் சொன்னது, "உங்க அண்ணனக் குளிக்கச் சொல்லு பிளசி." நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

போன ஆடி மாதம் அண்ணி நீளமாக ஏதோ எழுதத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தால் எழுதுவதை நிறுத்திவிடுவார். புருஷனுக்கு மட்டும் என்று புரிந்துகொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். பாதியில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. எழுதியது அத்தனையும் போயிற்று. மறுநாள் முதலிலிருந்து எழுதினார். மறுபடியும் அணைந்தது.

அண்ணன் பவர் சப்ளையை மாற்றினார். கடையில் நாள் முழுக்க ஓடியது, வீட்டில் அணைந்தது. மெமரியை மாற்றினார். பிறகு மதர்போர்டு, பழைய மாடல் என்பதால் சேலம் வரை அலைந்து வாங்கி வந்தார். பிரித்து மாட்டுவதிலும் சோதிப்பதிலுமே நாட்கள் ஓடின. அதற்குள் அண்ணியின் விரல் தளர்ந்துகொண்டே வந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ஏண்ணா, வேற மெஷினையே கொண்டாந்து வெச்சா என்னா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

கொண்டுவந்து வைத்தார். எங்கள் பழைய பிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கிய நொடியில், எங்கள் கண்ணெதிரே அதுவும் அணைந்தது. அண்ணன் மெதுவாகக் குனிந்து மேசைக்கடியில் இருந்த, கரண்ட் போனால் மெஷினை அணையாமல் காக்க வேண்டிய யுபிஎஸ்ஸை இழுத்தார். அதன் பேட்டரி செத்துப்போயிருந்தது. பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது மின்சாரம் ஒரு நொடி குறையும். அந்த ஒரு நொடியைத் தாங்க அதில் தெம்பில்லை. பேட்டரி பலவீனமாகும்போதே யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் அது கத்தி அண்ணியின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று, அண்ணன்தான் முன்பே அந்தச் சத்தத்தைப் பிடுங்கிப்போட்டிருந்தார்.

புது பேட்டரி போட்டார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அணையவே இல்லை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து போய்க்கொண்டிருந்தன. அண்ணியின் விரல் அசையவில்லை.

அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அந்தச் சத்தத்தப் புடுங்குனது நாந்தான் மேரி. நாந்தான் எல்லாத்தையும் கெடுத்தேன். என்னா எழுதுனியோ அத இப்பச் சொல்லு. நான் எழுத்தச் சொல்றேன், சரின்னா கண்ண மூடு."

க, ச, த என்று சொல்லிக்கொண்டே போனார். 'த'வில் அண்ணி கண்ணை மூடித் திறந்தார். தா, தி, தீ, து, தூ. மறுபடியும் மூடினார்.

"தூக்கம் வருதா?"

அண்ணி மூடவில்லை.

"தூக்கி உக்கார வெக்கட்டுமா?"

அதற்கும் இல்லை. அண்ணன் விடவில்லை. வெயில் சாயும்வரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு வாங்கினார். சேர்த்துப் படித்தால், 'தூங்கினேன்' என்று வந்தது.

அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"சத்தமில்லாம நல்லாத் தூங்குனேங்கிறியா?"

அண்ணி கண்ணை மூடித் திறந்தார். அண்ணன் அந்த விரலைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். களைத்துப்போன அண்ணியிடம், "மிச்சத்த நாளைக்குக் கேட்டுக்கறேன்" என்றார்.

மறுநாள் காலையில் அண்ணிக்கு மூச்சு நின்றுவிட்டது.

அத்தனை நாள் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. இருந்த கடைசித் தெம்பை அண்ணனைத் தேற்றுவதில் செலவழித்துவிட்டார். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் அண்ணி மேல் கோபம்தான்.