பொட்டு வைத்த குளிர்பெட்டி

பங்காரம்மா அக்கா எங்களோடு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவர். அதற்கு முன்னால் நூல்மில்லில் இருந்தார். அங்கே ஆயுத பூஜை என்றால் எல்லா மிஷினையும் நிறுத்தி, துடைத்து, சந்தனப் பொட்டு வைப்பார்கள். அன்றைக்கு எதுவும் ஓடக்கூடாது. அந்த வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

அன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் பல நாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். கென்யாவிலிருந்து வந்த வஞ்சிரு, மண்ணில் வாழும் கிருமிகளை ஆராய்கிற பெண். தன் ஊர் மண்ணிலும் நம் மண்ணிலும் எடுத்த கிருமிகளைக் குப்பிகளில் உறையவைத்து, ஆய்வகத்துப் பெரிய குளிர்பெட்டியில் அந்தப் பிள்ளை பத்திரப்படுத்தியிருந்தது. விடுதியில் அது களி கிண்டினால் அக்காவுக்கு ஒரு கிண்ணம் வரும். அக்கா அரிசிம்பருப்புச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்:

"அந்தப் பெரிய பெட்டிக்கும் பொட்டு வெச்சு, சுச்சை நிறுத்திப்போட்டு வந்தேன் அம்மணி. வருசம் பூரா உர்ருனு கத்தீட்டே கெடக்குது, பாவம்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "ஐயோ அக்கா! அதைய நிறுத்தவே கூடாதுங்க. உள்ள இருக்கறதெல்லாம் செத்துப்போகுமுங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னீஸ்வரா, மன்னீஸ்வரா" என்று முனகிக்கொண்டே வந்தார்.

ஆய்வகத்துக் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். பெட்டி சத்தமில்லாமல் நின்றது. அதன் பொட்டு மட்டும் அழியவில்லை. எங்கள் பின்னால் வந்த வாட்ச்மேன் மனோஜ்குமார் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, சரசுவதிக்குக் குளிருதுனு நிறுத்துனீங்களாக்கும்? சட்டுனு தொடச்சுப்போட்டு சுச்சைப் போடுங்க. ஆருக்குந் தெரியாது."

அக்காவின் கை சுவிட்சுப் பக்கம் போய்த் திரும்பியது.

"வேண்டாம் சாமி. செத்ததுன்னு தெரியாமயே அந்தப் புள்ள அதைய வெச்சுப் படிச்சிட்டுக் கெடக்கும்."

அவரே விடுதிக்குப் போய் வஞ்சிருவை அழைத்து வந்தார். அந்தப் பெண் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. பிறகு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

வஞ்சிரு தன் தட்டுத்தடுமாறும் தமிழில் பேசியது.

"எல்லாம் போச்சு அம்மா. காய வெச்ச மண் ரூம்ல இருக்கு. அதை வெச்சு முதல்ல இருந்து செய்யணும்."

அது திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. பொறுப்பாளர் சசிதர் சாரிடம், நிறுத்தக்கூடாது என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை என்று அதுவே பேசியது. அக்காவின் வேலை போகவில்லை.

ஆனால் பயம் போகவில்லை. இன்றும் வீட்டுக்குக் கிளம்பினால் அக்கா பாதி வழியில் நின்றுவிடுவார்.

"பெட்டில பச்சை லைட்டு எரிஞ்சுதா அம்மணி? நீ பாத்தியா?"

"எரிஞ்சுதுங்க அக்கா."

அப்படியும் திரும்பிப் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார்.