முட்டி காட்டிய பக்கம்

மகளை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்க்கத்தான் அம்பத்தூருக்குப் போனேன். அவள் ஒரே மாதத்தில் கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். வேடிக்கை பார்க்கப் போன நான் ஹாக்கி அணியில் கோல்கீப்பராக மாட்டிக்கொண்டேன். சக்கர ஷூ போட்டுக்கொண்டு ஆடும் ஹாக்கி. குளிர்காலம் வந்தால் எங்கள் பயிற்சியாளர் வடக்கே மலைக்கு ஒரு அணியை அழைத்துப்போய், உறைந்த ஏரியின் மேல் நிஜமான ஐஸ் ஹாக்கி ஆட வைப்பார். இந்த முறை ஒரே ஒரு கோல்கீப்பருக்குத்தான் இடம். போட்டியில் இருந்தது ஒரு கல்லூரிப் பெண்ணும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன நானும். எனக்கு அந்த ஏரி வேண்டும். ஏன் என்று கேட்டால் இன்றுவரை பதில் தெரியாது. ஆனால் வேண்டும்.

பயிற்சியாளர் சொன்னதுதான் என்னைக் குழப்பியது. அடிக்கிறவளின் தோளையும் மட்டையையும் பார்த்து, எங்கே வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமாம். பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்தக் கறுப்பு வட்டு கிளம்பிய பிறகு அசைந்தால் தாமதமாம். ஆனால் முன்னதாகவே அசைந்துவிட்டால் ஏமாந்துபோவேனாம். அப்படியென்றால் எப்போதுதான் அசைவது என்று கேட்டேன். ஆட ஆடத் தானாக வந்துவிடும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸில் மேனேஜர் பேசுவதும் இதே ரகம்தான்.

வீட்டிலேயே பயிற்சிக்கு ஆள் பிடித்தேன். என் கணவர் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர், அங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். நூம்பலில் எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே நான் நிற்பேன். அவர் டென்னிஸ் பந்தை எறிவார். எனக்குப் பின்னால் எதிர்வீட்டாரின் புது ஸ்கூட்டர் நிற்கும். லேசாகத் தொட்டாலே அலாரம் ஊரைக் கூட்டிவிடும்.

ஒருநாள்கூட அது கத்தவில்லை. ஏனென்றால் நான் ஒரு கணக்கைக் கண்டுபிடித்திருந்தேன். எறிவதற்கு முன் அவர் உதட்டைக் கடித்தால் பந்து எனக்கு இடது பக்கம் வரும், கடிக்காவிட்டால் வலது பக்கம். அதைப் பார்த்துச் சாய்வேன், பந்து கையில் வந்து விழும். முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று பயிற்சியாளர் சொன்னது இதைத்தானே என்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை எனக்கு.

தேர்வு நாளில் எல்லாம் தலைகீழானது. எதிரே வந்த பெண்கள் யாரும் உதட்டைக் கடிக்கவில்லை. தோளைப் பார்த்துச் சாய்ந்தேன். அவர்கள் ஒரு கணம் பொறுத்து, மறுபக்கம் தட்டிவிட்டுப் போனார்கள். மறுபடியும் அதேதான். கடைசியில் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க அவங்களப் பாக்கல மேடம். அவங்கதான் உங்களப் பாத்து அடிக்கிறாங்க."

இடம் கல்லூரிப் பெண்ணுக்குப் போனது.

பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உன் பந்து ஒன்றைக்கூட விடாத எனக்கு அங்கே என்ன ஆனது என்று புலம்பினேன். அவர் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"எந்தப் பக்கம் போவேன்னு உன் முட்டி முன்னாடியே காட்டிக் குடுத்துடும். அத்தப் பாத்து அங்கியே போட்டுகினு இருந்தேன்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ஆபீஸ் உட்டு வரசொல்ல உன் மூஞ்சியே பாக்க முடியாது. பந்தப் புடிக்கசொல்லதான் சிரிப்ப."

அப்படியானால் உதடு? உதட்டைக் கடிப்பதே தனக்குத் தெரியாது என்றார். நான் அவரைப் படித்தேனா, அவர் என்னைப் படித்தாரா, இத்தனை நாள் யார் முதலில் அசைந்தது என்று ஒன்றுமே விளங்கவில்லை. கோபம் தலைக்கேறியது. அதே நேரம் அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யத் தெரியாமல் பையிலிருந்து கோல்கீப்பரின் கம்பி முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு தூண்களுக்கு நடுவே போய் நின்றேன். நிஜமாகப் போடு என்றேன்.

அவர் தயங்கினார். பிறகு உதட்டைக் கடித்தார். நான் முட்டியை அசைக்காமல் காத்திருந்தேன். பந்து என் வலது காதோரம் பறந்துபோனது.

பின்னால் ஸ்கூட்டர் அலறத் தொடங்கியது. மேலே ஜன்னல்கள் திறந்தன. அவர் பயந்துபோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பந்தை எடுக்கச் சொன்னேன்.