கீழ் வீட்டுக்குக் கேட்ட பாதி

வீட்டிலேயே இசை செய்யலாம் என்று நான் இறங்கியபோது கையில் இருந்தவை ஒரு பழைய லேப்டாப், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள், ஹெட்போன், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சின்ன கீபோர்டு. கீபோர்டின் ஓரத்தில் ரப்பர் கட்டங்கள் இருக்கும். விரலால் தட்டினால் டிரம் சத்தம் வரும், அதுவும் ஹெட்போனுக்குள் மட்டும். ஒரு கருவியும் கற்காமல் இசையமைப்பாளர் ஆகிவிடலாம் என்று சொல்லும் வீடியோக்களை நம்பினேன். எந்த டிரம் சத்தம் நன்றாக இருக்கிறது என்று மாற்றி மாற்றிக் கேட்பதிலேயே மாதங்கள் போயின. ஒரு பாட்டும் முடியவில்லை. பாத்திரத்தை மட்டும் துலக்கி அடுக்குறீங்க, சமையல் எப்போ என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான், எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

பருத்திப்பட்டில் எங்களுக்கு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரர்கள். ஏரிப் பக்கம் நெல் விளைத்த குடும்பம், நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அந்த வருஷம் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருந்தார். முன்னறையில் கட்டில், அதற்கு நேர் மேலே என் மேசை. தையல் ஆறிவிட்டது, எழுந்து நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கஞ்சி கூட உள்ளே இறங்கவில்லை. இப்படியே போனால் மனுஷன் மிஞ்சமாட்டார் என்று வீட்டுக்கார அம்மா என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

எனக்கு ஒரு உருப்படியான தாளம் சிக்கியது அப்போதுதான். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து மேளம் கேட்டது. ஆடி மாதம், எங்கே பார்த்தாலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், கோயில் மேளம் என்றே எடுத்துக்கொண்டேன். நான் திருநெல்வேலிப் பக்கம். ஒவ்வொரு ஊருக்கும் மேளத்தின் அடி வேறு என்பதெல்லாம் அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. போனில் பதிவு செய்து, தினமும் வேலை முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே அடியைக் கட்டங்களில் தட்டிப் பழகினேன். அதன் மேல் ஒரு சின்தசைசர் ஒலியை மெதுவாக ஏற்றினேன். முதல் முறையாக என் பாட்டு எனக்கே பிடித்தது. யாருக்கும் தொந்தரவில்லாமல் இசை செய்கிறோம் என்ற பெருமை வேறு.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். தண்ணீர் மோட்டார் விஷயம் என்று நினைத்தேன். அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. பொழுது சாஞ்சா மேலேர்ந்து சாவு மோளம் கேக்குது. தெருவெல்லாம் சுத்திப் பாத்துட்டேன், யாரு ஊட்லயும் எழவு இல்ல."

சத்தம் இதற்குள்தான் இருக்கிறது, வெளியே வராது என்று ஹெட்போனைக் காட்டி விளக்கினேன். எங்கே, ஒரு தடவை தட்டு என்றார். தட்டினேன். விரல் தட்டியபோது குதிகாலும் தரையில் சேர்ந்து அடித்தது. அதை நான் கவனித்ததே இல்லை. அவர் என் காலைப் பார்த்தார். பாட்டு என் காதுக்கு, அடி மட்டும் கீழே. அதுவும் இந்த ஊரில் பிணம் எடுக்கும்போது அடிக்கும் அடி, ஒரு நோயாளியின் தலைக்கு மேலே, தினமும்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. எமன் வாசலில் வந்து நிற்கிறான் என்று பயந்து, கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்து வந்து நிலையில் கட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

"அவருக்குக் கேக்கலபா. கேட்டிருந்தா சொல்லிருப்பாரு. நீ போயி எதுவும் சொல்லிகினு நிக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கீபோர்டைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் போட்டேன். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை ஒரு தடவை கூடப் போய்ப் பார்க்கவில்லையே என்று மனைவி குத்திக்காட்டினாள். மறுநாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கீழே போனேன்.

வேன் ஓட்டும்போது தெருவே அதிரப் பேசியவர் பாதியாக இளைத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்குக் கையை மட்டும் அசைத்தார். அந்த அம்மா டீ போட உள்ளே போனார். அவர் போய்விட்டாரா என்று பார்த்துவிட்டு இவர் என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"தம்பி, சாயங்காலத்துல உனக்கு எதுனா மோளம் கேக்குதா?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே மெல்லச் சொன்னார். தினமும் கேட்கிறதாம். தனக்கு மட்டும்தான் கேட்கிறது, தன்னைக் கூப்பிட வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். இவளிடம் சொன்னால் உடைந்துபோய்விடுவாள் என்று வாயை மூடிக்கொண்டாராம். நேற்று மட்டும் ஒரு தடவை கேட்டு நின்றுவிட்டது, அது எதற்கு அறிகுறியோ என்றார்.

சொல்லாதே என்று அந்த அம்மா சொல்லியிருந்தும் மறைக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கீபோர்டு, கட்டங்கள், குதிகால், ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்ட மேளம், நேற்று அம்மா மாடிக்கு வந்தது. அவர் இமைக்காமல் கேட்டார். சிரிப்பாரா, அறைவாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். டீயோடு வந்த அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கும் கேட்டுதா?"

அந்த அம்மா டம்ளரைத் தரையில் வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கேக்கலன்னு இல்ல நெனச்சேன்" என்றார்.