கொட்டகையைப் பிரித்த காலை

1979ஆம் வருஷம், சித்திரை மாதம். அன்று காலை ஜெபக் கொட்டகையில் இருந்தவர்கள் நான், அம்மா, அக்கா எஸ்தர், அவள் மடியில் துவண்டு கிடந்த குழந்தை. அப்பா மூட்டை தூக்கப் போயிருந்தார். பாஸ்டர் சமயநல்லூர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் முடிவை அவர் தலையில் கட்டியிருப்பேன். அவர் இல்லாமல் போனதும் கர்த்தர் செய்ததுதான்.

வில்லாபுரம் பக்கம் வாய்க்கால் கரையில் எங்கள் குடிசைகள். கரையோரம் பள்ளம் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் குடித்தோம். ஊர்ச் சாக்கடையும் அந்த வாய்க்காலில்தான் கலந்தது. அக்காவின் மூத்த பிள்ளையை முந்தின வருஷம் வாந்திபேதிக்குப் பறிகொடுத்தோம். இப்போது இளையவளுக்கும் அதே நோய். பாட்டில் ஏற்றி அனுப்பிய டாக்டரம்மா, "மறுபடி இதே தண்ணியக் குடுத்தா பிள்ள தங்காதும்மா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படித்த முதல் ஆள் நான். குழாய் கேட்டு மனு மேல் மனு கொடுத்துச் சலித்திருந்தேன். அம்மாவும் அக்காவும் அழுது ஜெபித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சண்டைதான் வந்தது. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல தண்ணியச் செடிக்கு ஊத்துறாங்க. நாங்க உம்ம பிள்ளைக இல்லையா? வழி திறவும்" என்று சத்தமாகவே கேட்டேன்.

ஆமென் சொல்லி எழுந்தால், வாசலில் குழாய் போடுகிற மேஸ்திரி அளந்துகொண்டிருக்கிறார்!

"தம்பி, ஒரு பக்கம் மில்லுச் சுவரு, இன்னொரு பக்கம் பள்ளம். குழாய் உள்ள வர இந்தக் கொட்டகை நிக்கிற இடம்தான் வழி. பிரிச்சா இன்னைக்கே குழி வெட்டுறேன். இல்லேன்னா வழியில்லன்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

கரையின் வாசலில் கொட்டகையைப் போட்டதே ஒரு யோசனையில்தான். புறம்போக்கு என்று குடிசை இடிக்க வருகிறவன் சாமி இருக்கிற இடத்தில் கை வைக்கத் தயங்குவான். அதனால் அம்மனைக் கும்பிடுகிற பக்கத்துக் குடிசை கருப்பையா அண்ணன்கூட மூங்கில் கொடுத்தார். சிலுவைதான் கரைக்கே காவல்.

பிரிக்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொன்னதும் கருப்பையா அண்ணன்தான் முதலில் ஓடி வந்தார்.

"என்ன மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? இத நம்பித்தான இம்புட்டுப் பேரும் கண்ண மூடித் தூங்குறோம். ஒஞ்சாமி வீட்ட நீயே பிரிப்பியா?"

"எங்க சாமிக்கு ஓல வேணாம்ண்ணே. பிள்ளைக்குத் தண்ணி வேணும்."

"நாளைக்கு இடிக்க வந்தா?"

"நாம நிப்போம்ண்ணே. ஓலைக்குப் பின்னால எதுக்கு ஒளியணும்?"

அம்மா சிலுவையை இறக்கி அக்கா கையில் கொடுத்தாள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "தள்ளு. எம்மூங்கில நாந்தான் உருவுவேன். நீ படிச்சவன், ஒடச்சுப் போடுவ."

வழி கேட்டேன். கர்த்தர் தம்முடைய வீட்டின் ஊடாகவே அதைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து வெட்டவெளியைப் பார்த்தபடி நின்றார். பிறகு புதுக் குழாயைத் திறந்து முகம் கழுவினார். அன்றைக்கு எங்களுக்கு அதுதான் பிரசங்கம்.

மறுவருஷம் இடிக்கவும் வந்தார்கள். கரை முழுக்கக் குடத்தோடு வந்து நின்றது. அக்கா கேட்டாள்: "தண்ணி குடுத்த எடத்துல ஆளே இல்லன்னு எப்பிடிய்யா சொல்லுவீங்க?" திரும்பிப் போனார்கள். இன்னும் வரலாம். நிற்போம். முன்பு அதிகாரியைக் கண்டால் ஒதுங்கி நின்ற நான், இப்போது முன்னால் போய் நிற்கிறேன். அந்தக் குழந்தை இன்று பள்ளிக்கூடம் போகிறாள்.

சகோதரரே, சகோதரியே, புறம்போக்கில் இருக்கிறோம் என்று கூசிக்கூசிக் கேட்காதீர்கள். பிள்ளைக்குரிய உரிமையோடு கேளுங்கள். ஆனால் அவர் பதில் தரும்போது எதைப் பிரிக்கச் சொல்வார் என்று தெரியாது. கையைத் தயாராக வைத்திருங்கள். எங்களுக்கு ஆன செலவு, ஓலை, கயிறு, ஆணி, கூலி எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டு ரூபாயில் போட்ட ஒரு கூரை. அவ்வளவுதான்.